பிறந்தவுடன் அழுததா என்று கேட்கிறார்கள்

தத்தெடுத்த பெற்றோரிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கு உரிய சேவையைக் கேட்டு அலைகிற பெற்றோர்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். நானும் அந்த வழியில் நடந்தவள் என்பதால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருந்தார்கள். அப்படியே செய்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகனைத் தத்தெடுத்தபோது அவனுக்கு இரண்டரை வயது. இப்போது நான்கு முடியப்போகிறது. இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதில்லை. படி ஏறக் கை கொடுக்க வேண்டும். வளர்ச்சி மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். பிறப்பு விவரமும் பெற்ற தாயின் கர்ப்பகால விவரமும் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். எங்கள் டாக்டரோ, ‘இல்லத்தில் வளர்ந்த பிள்ளை, உங்கள் வீடு பழகியதும் சரியாகிவிடுவான், ஆறு மாதம் பொறுங்கள்’ என்கிறார். பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம், சகோதரி. உங்களுக்குக் கிடைத்த இரண்டு பதில்களும் மறுப்புகள்தான். முதலாவது முகத்தில் அடித்தாற்போல் வந்திருக்கிறது, இரண்டாவது ஆறுதலாக வந்திருக்கிறது. இரண்டாலும் உங்கள் மகனுக்கு இன்று பயிற்சி கிடைக்கவில்லை.

என் மகள் எங்களிடம் வந்தபோது அவளோடு வந்தது ஒரே ஒரு தாள். இல்லத்தில் சேர்த்த தேதி, அன்றைய எடை, போட்ட தடுப்பூசிகள், அவ்வளவுதான். இடது கையை எப்போதும் மடக்கி மார்போடு ஒட்டி வைத்திருப்பாள். நடக்கும்போது இடது குதிகால் தரையில் படாது. மருத்துவமனையில் நீட்டிய படிவத்தின் முதல் கேள்வியே ‘பிறந்தவுடன் குழந்தை அழுததா?’ என்பது. அதற்குக் கீழே பிறந்த எடை, மாதம் நிறைந்த பிரசவமா, தாய்க்கு ரத்த அழுத்தம் இருந்ததா, தலை எப்போது நின்றது, எப்போது குப்புறக் கவிழ்ந்தது, எப்போது தவழ்ந்தது என்று வரிசையாகப் போயிற்று. எல்லாவற்றுக்கும் ‘தெரியாது’ என்று எழுதிக் கொடுத்தேன். பதிவு மேசையில் இருந்தவர் ‘இதெல்லாம் இல்லாமல் எப்படி?’ என்றார். உள்ளே இருந்த பிசியோதெரபிஸ்ட் படிவத்தைப் புரட்டக்கூட இல்லை. தரையில் விரிப்பைப் போட்டு, ஒரு பந்தை என் மகளின் இடப்பக்கமாக உருட்டிவிட்டார். அவள் வலது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் அதை எடுத்தாள். மறுபடியும் உருட்டினார், மறுபடியும் அதே வலது கை. அன்றைக்கே பயிற்சி தொடங்கிவிட்டது.

அந்தப் பெண்மணிக்குத் தெரிந்ததுதான் விஷயத்தின் சாரம். ஒரு குழந்தைக்கு ஏன் இப்படி ஆயிற்று என்பது ஒரு கேள்வி. இன்றைக்கு அதற்கு என்ன முடிகிறது, எதில் உதவி தேவை என்பது வேறு கேள்வி. சேவை இந்த இரண்டாவது கேள்வியின் மேல்தான் நிற்கிறது. மூளையின் பாதிப்பால் உடலசைவு சிரமமாகிற மூளை முடக்குவாதத்தை (செரிப்ரல் பால்சி), அசைவையும் தசை இறுக்கத்தையும் உடல் நிலையையும் பரிசோதித்தே டாக்டர்கள் கண்டறிகிறார்கள். காரணம் கடைசிவரை தெரியாமலே போகிற பிள்ளைகள் பெற்றவர்கள் வீட்டிலும் உண்டு. அவர்களை யாரும் காரணத்தோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதில்லை. கருவில் மதுவின் பாதிப்பால் வரும் ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோமையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய முக அடையாளங்கள் மூன்றும், வளர்ச்சிக் குறைவும், மூளை சார்ந்த பாதிப்பும் சேர்ந்து இருந்தால், தாய் மது அருந்தினாரா என்ற தகவல் கிடைக்காமலேயே அதை உறுதி செய்யலாம் என்பது மருத்துவ வழிகாட்டல்களில் உள்ளது. பெயரிலேயே காரணத்தைச் சுமந்திருக்கிற நோய்க்கே அப்படி!

உலக சுகாதார நிறுவனம் 2001இல் கொண்டுவந்த ஐ.சி.எஃப் என்ற வகைப்பாடும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் அமைந்திருக்கிறது. உடலின் இயக்கம், அன்றாடச் செயல்கள், பங்கேற்பு, சுற்றுச்சூழல் இவற்றைப் பார்த்து ஒருவரின் நிலையை அது விவரிக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ் என்ற அளவுகோல் 1997இல் கனடாவில் உருவானது. இன்று உலகமெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். குழந்தை உட்காருகிறதா, நடக்கிறதா, படி ஏறக் கைப்பிடி வேண்டுமா, சக்கர நாற்காலி வேண்டுமா என்றுதான் அது பார்க்கிறது. பிரசவத்தைப் பற்றி ஒரு கேள்விகூட அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) தன் 26ஆம் பிரிவில், இத்தகைய சேவைகள் இயன்ற அளவு முன்கூட்டியே தொடங்க வேண்டும், ஒவ்வொருவருடைய தேவைகளையும் வலிமைகளையும் பல துறையினர் சேர்ந்து மதிப்பிட்டு அதன்படி அமைய வேண்டும் என்கிறது. தேவைகள், வலிமைகள் என்ற இரண்டு சொற்களையும் உங்கள் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள்.

ஆம், கடிதம் எழுத வேண்டும். வாயால் கேட்டது கேட்டதாகவே கணக்கில் வராது. ‘பேச்சுத் தாமதம் இருக்கிறது’ என்று பொதுவாக எழுதினால் பலனில்லை. ‘தண்ணீர் வேண்டுமென்றால் என் விரலைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துப் போகிறான். தண்ணீர் என்ற சொல் வரவில்லை. இரண்டு கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால் முதலாவதை மட்டும் செய்கிறான். படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறான், இறங்கும்போது உட்கார்ந்துவிடுகிறான்’ என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, உங்கள் உதவி எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதையும் சேருங்கள். கைபேசியில் சின்னச் சின்னக் காட்சிகளாக எடுத்து வையுங்கள். மதிப்பீட்டு அறையில் பிள்ளை மிரண்டுபோய் எதுவும் செய்யாமல் நின்றுவிட்டால் அவை பேசும். அவனுக்கு முடிகிறவற்றையும் எழுதுங்கள். குறைகளை மட்டும் அடுக்கிய தாளைப் பார்க்கிறவருக்கு உங்கள் மகன் யார் என்று தெரியாமலே போய்விடும். பயிற்சி எங்கிருந்து தொடங்கலாம் என்பதைக் காட்டுவது அவனுடைய வலிமைதான்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: ‘மதிப்பீடு செய்ய இயலாது என்று முடிவெடுத்தால், எந்த விதியின் கீழ் என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் தருமாறு வேண்டுகிறேன்.’ பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ ரசீதோ வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்பு விவரம் இல்லாததால் மறுக்கிறோம் என்று வாயால் சொல்வது எளிது. அதையே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னால் பலர் தயங்குவார்கள், ஏனென்றால் அப்படி ஒரு விதி பெரும்பாலும் இருக்காது. எழுதியே கொடுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு அதுவே ஆதாரம். எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பாதை ஏதோ ஒரு வடிவில் இருக்கும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் இடம் தருகிறது. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டப்படி, மாநிலம் வேறு கெடு வைத்திராவிட்டால், பெற்றோர் சம்மதம் தந்த 60 நாட்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். அதன் முடிவை ஏற்காத பெற்றோர் வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கேட்கலாம். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றுக்குமான திட்டத்தை முடிக்கப் பொதுவாக 20 வாரம்தான் அவகாசம், மறுத்தால் தீர்ப்பாயம் இருக்கிறது. உங்கள் நாட்டில் கெடு எத்தனை நாள், மேல்முறையீடு யாரிடம் என்ற இரண்டை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவை தானாகத் தெரியவரும்.

இனி டாக்டர் சொன்ன ஆறு மாதம். இல்லத்தில் வளர்ந்த பிள்ளை குடும்பத்துக்கு வந்ததும் வேகமாக முன்னேறுவது உண்மைதான். எடை கூடும், உயரம் கூடும், முகமே மாறும். ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் பாதிப்பேரைக் குடும்பங்களில் வளரவிட்டுப் பார்த்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் பலவற்றில் தேறினார்கள். ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் அதிகம் தேறினார்கள். எல்லாக் குறையும் எல்லோருக்கும் நிரம்பிவிடவில்லை. ஆகவே, ‘இல்லத்தில் வளர்ந்ததால் வந்தது’ என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும், அதிலிருந்து ‘தானாகச் சரியாகும்’ என்ற முடிவு கிடைக்காது. கவனிப்பார் இல்லாமல் வந்த தாமதத்துக்கும் பயிற்சி வேண்டும். டாக்டரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: ‘பார்க்கலாம் டாக்டர், பயிற்சியைத் தொடங்கிவிட்டுப் பார்க்கலாம். எங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் மட்டும் தாருங்கள்.’ பயிற்சி தேவைப்படாமலே தேறிவிட்டால் சில மாதம் விளையாடியதாக இருந்துவிட்டுப் போகட்டும். தேவைப்பட்டிருந்தால், தவறவிட்ட அந்த மாதங்களை உங்களுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

பேச்சு வரவில்லை என்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். கைதட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் முறையாகச் செய்யுங்கள். பிறக்கும் குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்று உலகில் பல இடங்களில் வழிகாட்டல் இருக்கிறது. இல்லத்துக் குழந்தைக்கு இந்தச் சோதனை நடந்ததா என்பதே பல நேரம் தெரியாது. நடந்ததற்குத் தாள் இல்லையென்றால் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் அப்படியே.

இன்னொரு வேலையும் இருக்கிறது. விவரம் இல்லை என்று ஏற்றுக்கொள்வதற்கு முன்னால், இருக்கிற விவரமெல்லாம் உங்கள் கைக்கு வந்துவிட்டதா? இல்லத்துக்கு எழுதி எடைக்குறிப்பு, தலைச் சுற்றளவு, தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எதுவாக இருந்தாலும் நகல் கேளுங்கள். முடிந்தால் அவனைப் பார்த்துக்கொண்ட ஆயாவோடு பேசுங்கள். எப்போது உட்கார்ந்தான், பால் குடிக்கும்போது மூச்சுத் திணறியதா, வலிப்பு வந்ததா என்று தாளில் இல்லாத எத்தனையோ அவர்கள் நினைவில் இருக்கும். அவர்கள் சொன்னதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களில் மகனின் பழைய பெயர் இருக்கும், உங்கள் விண்ணப்பத்தில் புதுப் பெயர். இருவரும் ஒருவரே என்று காட்டத் தத்து ஆணையின் நகலை ஒவ்வொரு முறையும் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். மற்றவையெல்லாம் சரியாக இருந்தும் பெயர் ஒத்துப்போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் கோப்பு ஓர் அலுவலகத்தில் வெகுநாள் தூங்கிக் கிடந்தது.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. கவனக்குறைவும் கற்றல் சிரமமும் இருக்கின்றன. பள்ளியில் சிறப்பு ஏற்பாடு கேட்கப் போகிறோம். தத்துப்பிள்ளை என்பதைச் சொன்னால் பரிதாபப்பட்டு உதவி செய்வார்கள் என்கிறாள் என் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: நான் உங்கள் பக்கம், தம்பி. பரிதாபத்தால் கிடைக்கிற உதவி ஆசிரியர் மாறியதும் போய்விடும். ஏற்பாடு உரிமையாகக் கிடைத்தால்தான் அடுத்த வகுப்புக்கும் அவனோடு போகும்.

மகனுடைய முற்கதை அவனுக்குச் சொந்தமானது. நீங்கள் அதன் காவலர். ஒரு ஆசிரியரிடம் சொன்னால் ஆசிரியர் அறை முழுவதும் சொன்னதாகும், அங்கிருந்து வகுப்புக்கு வர நேரமாகாது. எனவே பள்ளிக்குக் கொடுக்கும் தாளில் பள்ளிக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும்: எந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும், தேர்வுக்கு எவ்வளவு கூடுதல் நேரம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாள், கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்வது. பழைய காலத்தின் பயம் எதுவும் அவனிடம் தங்கியிருந்தால் அதையும் நடத்தையாகவே சொல்லலாம். ‘கதவை ஓங்கிச் சாத்தினால் மேசைக்கு அடியில் போய்விடுவான். அப்போது தோளைத் தொட வேண்டாம், பெயரைச் சொல்லி மெதுவாக அழைத்தால் வருவான்’ என்று எழுதினால் ஆசிரியருக்குப் போதும். ஏன் என்ற கதை அவருக்கு வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் சொல்லத்தான் வேண்டும். குடும்ப மரம் வரையச் சொல்வது, கைக்குழந்தைப் பருவத்துப் படத்தைக் கொண்டுவரச் சொல்வது போன்ற பாடங்கள் வரும். மகனிடம் கேட்டுவிட்டு, அவன் சம்மதித்தால், வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மருத்துவரிடம் இந்த மறைப்பு கூடாது. அங்கே முழுவதும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் சர்க்கரை நோயையும் உங்கள் மனைவியின் ஆஸ்துமாவையும் பையனின் குடும்ப வரலாறாக எழுதிக்கொண்டு அந்தக் கணக்கில் மருந்து யோசிப்பார்கள்.

கேள்வி: ‘குறை இருப்பது தெரிந்துதானே தத்தெடுத்தீர்கள்? வசதி இருக்கிறது என்று காட்டித்தானே வாங்கினீர்கள்? இப்போது ஏன் அரசிடம் வந்து நிற்கிறீர்கள்?’ உதவி கேட்டுப் போன இடத்தில், என் ஆறு வயது மகளை அருகில் வைத்துக்கொண்டே ஓர் அலுவலர் இப்படிக் கேட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

பதில்: படித்துவிட்டு வெகுநேரம் கடிதத்தைக் கையில் வைத்திருந்தேன். ஆறு வயதுக் குழந்தைக்கு எல்லாம் புரியும், அம்மா. ‘வாங்கினீர்கள்’ என்ற சொல் அவள் காதில் விழுந்திருக்கிறது. அவருக்கான பதிலை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மகளிடம் இன்றே பேசுங்கள். அவர் சொன்னது தவறு, உன்னை யாரும் வாங்கவில்லை, உனக்கு உரியதைக் கேட்கத்தான் போனோம், மறுபடியும் போய்க் கேட்போம் என்று சொல்லுங்கள்.

இப்போது அவருக்கான பதில். தத்து முடிந்த நாளிலிருந்து அவள் உங்கள் மகள், சட்டத்தின் கண்ணில் உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை அவளுக்கும் உண்டு. சேவை பெறுகிறவள் அவள். நீங்கள் தெரிந்து எடுத்தீர்களா, தெரியாமல் எடுத்தீர்களா என்பது அவளுடைய தகுதியை எப்படி மாற்றும்? கருவிலேயே ஸ்கேனில் குறை தெரிந்தும் பெற்றுக்கொண்ட தாயிடம் இந்தக் கேள்வியைக் கேட்பாரா? 1989இன் குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, எந்தக் காரணத்துக்காகக் குழந்தைகளுக்குள் பாகுபாடு காட்டக் கூடாது என்று தன் 2ஆம் பிரிவில் பட்டியல் போடும்போது மாற்றுத்திறனையும் பிறப்பையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் மகளுக்கு இரண்டு வழியிலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டுத் தத்து பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையும், தத்துக்குப் பிறகான சேவைகளை வளர்க்க வேண்டும் என்று அரசுகளைக் கேட்கிறது. தத்து முடிந்ததும் பொறுப்பெல்லாம் குடும்பத்தின் தலையில் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

வசதி பற்றி நேர்மையாக ஒன்று சொல்கிறேன். குழந்தை உரிமை உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, உதவி இயன்றபோதெல்லாம் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது, பெற்றோரின் பண நிலையையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஆகவே ஏதாவது ஒரு பண உதவித் திட்டத்தில் வருமான வரம்பு இருந்தால், அது எல்லாப் பெற்றோருக்கும் பொருந்துவதுபோல் உங்களுக்கும் பொருந்தும். அதைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. தத்தெடுத்தவர் என்பதற்காகத் தனியாக ஒரு வரம்பு வைப்பதைத்தான் ஏற்கக் கூடாது.

அடுத்த முறை போகும்போது கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் பேச வேண்டாம், குறிப்பு எடுத்தால் போதும். மகளை வீட்டில் விட்டுப் போங்கள். அவளை நேரில் காட்ட வேண்டியிருந்தால் பேச்சு முடியும்வரை வெளியே வேறொருவரோடு இருக்கட்டும். அதே கேள்வி மறுபடி வந்தால், ‘ஐயா, என் மகள் இதற்குத் தகுதியானவள் இல்லையென்றால் எந்த விதிப்படி என்று எழுதித் தாருங்கள்’ என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். எத்தனை முறை கேட்டாலும் அதே வாக்கியம். வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அப்படியே எழுதி, அவருக்கு மேலே உள்ளவருக்குப் புகாராக அனுப்புங்கள்.

கேள்வி: வேறு மொழி பேசும் இடத்திலிருந்து எங்கள் மகளை ஐந்து வயதில் தத்தெடுத்தோம். வந்து ஓராண்டு ஆகிறது. பேச்சு தடுமாறுகிறது. ‘புது மொழிதான் காரணம்’ என்று பேச்சுப் பயிற்சி தர மறுக்கிறார்கள்.

பதில்: காரணம் புது மொழியாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பார்க்காமல் எப்படித் தெரியும்? வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளையோடு இவளை ஒப்பிடக் கூடாது. தத்துப்பிள்ளைக்கு முதல் மொழி கேட்பாரற்று வேகமாக மறைகிறது, இரண்டாவது இன்னும் வேர் பிடிக்கவில்லை. அதனால்தான் காத்திருக்கச் சொல்வது இவளுக்குப் பொருந்தாது. முதல் மொழியில் வயதுக்கேற்பப் பேசினாளா என்று வளர்த்தவர்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த மொழியிலேயே குறை இருந்தது என்றால் புது மொழியின் மேல் பழி போட முடியாது. மொழி தேவைப்படாத அறிவுத்திறன் சோதனைகள் இருக்கின்றன, அவற்றைக் கேளுங்கள். காதுப் பரிசோதனையைப் பற்றி மேலே சொன்னது உங்களுக்கும்தான்.

கேள்வி: பிள்ளைக்கு மாற்றுத்திறன் சான்றிதழ் வாங்கினால் வாழ்நாள் முழுக்க முத்திரை விழுந்துவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். ஏற்கெனவே தத்துப்பிள்ளை, இதுவும் வேண்டுமா என்கிறார்கள்.

பதில்: வேண்டும். பள்ளியில் கூடுதல் நேரம், உதவிக் கருவி, பயிற்சி, பிற்காலத்தில் வேலை என்று பல கதவுகளுக்கு அந்தத் தாள்தான் சாவி. அதை வாங்கினால் எல்லாருக்கும் காட்டித் திரிய வேண்டும் என்பதில்லை. உறவினர்கள் பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பிள்ளைக்குச் சிரமம் சிரமம்தான். பெயரில்லாத சிரமத்தைப் பள்ளி சோம்பல் என்றும் திமிர் என்றும் அழைக்கும். அந்த முத்திரை இதைவிடக் கொடியது.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. பேச்சு மெதுவாக வரும், புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். எல்லாக் கூட்டங்களிலும் இதுவரை நான்தான் பேசி வந்தேன். இனி தானே பேசப்போவதாகச் சொல்கிறாள். இல்லத்தில் இருக்கும் தன் கோப்பையும் பார்க்க வேண்டுமாம். இரண்டையும் நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: இத்தனை வருடம் நீங்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால்தான் அவளுக்கு இந்தத் துணிவு வந்திருக்கிறது. பேசட்டும். கருத்துச் சொல்லும் உரிமை மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் உண்டு, அதற்கு வேண்டிய உதவியையும் தர வேண்டும் என்று 2006 உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு சொல்கிறது. 12ஆம் பிரிவு, சட்டத்தின் முன் எல்லாரையும்போல் முடிவெடுக்கும் தகுதி மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்கிறது. 18 வயதில் குழந்தைகளுக்கான சேவை முடிந்து பெரியவர்களுக்கான சேவை தொடங்கும்போது பல இடங்களில் அலுவலகமும் படிவமும் மாறுகின்றன, இடையில் ஒன்றுமே கிடைக்காத இடைவெளி விழுகிறது. எது எப்போது நிற்கும், அதன் இடத்தில் எது வரும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். கடிதம் அவள் பெயரிலேயே போகட்டும். பெரியவர் ஆனதும் எல்லா முடிவையும் பாதுகாவலர் கையில் கொடுத்துவிடச் சொல்லி யாராவது உங்களை அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள். அவள் முடிவெடுக்க உதவி செய்யும் ஏற்பாடு என்னென்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

கோப்பைப் பார்க்க விரும்புவது இயல்பு. இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று குழந்தை உரிமை உடன்படிக்கையே சொல்கிறது. எதை, எந்த வயதில், யார் மூலமாகப் பார்க்கலாம் என்பதில் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தத்து முகமையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கோப்புகளில் சொற்கள் கடுமையாக இருக்கும். குழந்தையின் உடலைப் பற்றி இரக்கமில்லாமல் எழுதியிருப்பார்கள். அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லி வையுங்கள். பார்க்கும்போது பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அது நீங்களாக இல்லாமலும் போகலாம்.

கூட்டத்துக்கு முன்னால் ஏற்பாடு செய்கிறவருக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்: நாற்காலி நுழையும் அறை வேண்டும், வழக்கமானதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும், கேள்விகளை அவளைப் பார்த்துக் கேட்க வேண்டும், பதில் முடியும்வரை இடையில் யாரும் பேசக் கூடாது. அவள் கேட்க நினைப்பதை முந்தைய நாளே தாளில் எழுதி ஆளுக்கொரு நகல் கொடுத்துவிட்டால், அவள் சொல்வதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கும் எளிதாக இருக்கும். நீங்கள் அவள் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். அப்போதுதான் கேள்வி கேட்கிறவரின் பார்வை அவள்மேல் நிற்கும், பதிலுக்காக உங்கள் முகத்தைத் தேடாது.